காரணம்: ஓய்வு

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலை நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவுக்கு மேலாளராக இருந்த காலத்தில், விடுப்பு விண்ணப்பங்களை வாசித்தே ஆட்களை எடைபோட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். காய்ச்சல், கொழுந்தியாள் கல்யாணம், கோயில் கொடை, பிள்ளைக்குக் காதுகுத்து. ஒருத்தனுடைய மாமனார் இரண்டு தடவை இறந்திருக்கிறார். இரண்டு தடவையும் நான் கையெழுத்துப் போட்டேன்.

காத்தாடிகளில் ஏறிப் பழுதுபார்க்கச் சேர்ந்திருந்த ஒரு பையனுடைய முதல் விண்ணப்பம் ஒரு டிசம்பர் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்தது. இருபத்துநான்காம் தேதியிலிருந்து ஜனவரி இரண்டு வரை, பத்து நாள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதியிருந்தான். அழகான, நிதானமான கையெழுத்து.

கூப்பிட்டுக் கேட்டேன். “இது என்ன மக்கா, காரணத்தைக் காணோமே?”

“எழுதியிருக்கேன் சார்.”

“ஓய்வுன்னு இருக்கு. எதுக்கு ஓய்வு? ஒடம்புக்கு வல்லதும் முடியலியா?”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கும்பளே எடுக்கணும். முடியாமப் படுத்தா அது தீனம். ஓய்வு இல்ல.”

சிரிக்காமல் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்தவன், கிறிஸ்மஸ் சமயம், போகட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வருடமும் அதே தேதிகள், அதே சொல். அதற்குள் சைட்டில் அவனுக்குப் பெயரே ‘பத்துநாள்’ என்று ஆகியிருந்தது. “பத்துநாள் வந்தாச்சா?” “பத்துநாளு மேல நிக்கான் சார்.” அவன் அதற்குக் கோபித்ததே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

எங்கள் தொழிலின் கணக்கு வேறு. வைகாசியில் கணவாய் வழியே காற்று இறங்கினால் புரட்டாசி வரை காத்தாடிகள் நிற்காது. ஒரு காத்தாடி அரைநாள் நின்றாலும் சென்னையிலிருந்து போன் வரும். காற்று அடங்கிய பிறகுதான் அவற்றைத் திறந்து கிரீஸ் வைத்து, போல்ட் முறுக்கி, எண்ணெய் மாற்ற முடியும். அப்படியாக மார்கழியும் எங்களுக்கு வேலைக்காலம்தான். காற்று அடித்தாலும் வேலை, அடிக்காவிட்டாலும் வேலை. அதுவரை வேலை பார்த்த பதினோரு வருடத்தில் நான் சேர்ந்தாற்போல நான்கு நாள் வீட்டில் இருந்ததில்லை. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அவன் சோம்பேறி என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆளைப் பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய உடம்பு கிடையாது. முட்டத்துப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போக, இவன் ஒருத்தன் ஐ.டி.ஐ. படித்து மேலே ஏறினான். நீளமான விரல்கள். ஏறுவதற்கு முன் காத்தாடிக் கோபுரத்தின் இரும்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பான். கும்பிடுகிறான் என்று முதலில் நினைத்தேன். உள்ளே எதுவும் அதிர்கிறதா என்று பார்ப்பானாம். ஒரு ஆடி மாதம், பற்சக்கரப் பெட்டியில் எண்ணெய் ஒழுகி மேலே எல்லாம் வழவழவென்று கிடந்தபோது, காலையில் ஏறியவன் சாயந்திரம்தான் இறங்கினான். மேலே நின்றால் படகில் நிற்பது மாதிரி ஆடும். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாறிக்கொண்டார்கள். இவன் மாறவில்லை. இறங்கி வந்து, கையைத் துடைத்துவிட்டு, “ஓடட்டும் சார்” என்றான். அவ்வளவுதான். அந்த சீசன் முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன் வருடக் கடைசியில் பத்து நாள் எங்கே போகிறான்? சைட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வேறு கம்பெனிக்கு ரகசியமாக வேலை பார்க்கிறான், வளைகுடாவுக்கு இன்டர்வியூ போகிறான், குடித்துவிட்டுக் கிடக்கிறான். நான் நேரில் பார்க்க நேர்ந்தது இரண்டாம் வருடம், இருபத்தெட்டாம் தேதி.

பதினேழாம் நம்பர் காத்தாடியில் ஓர் ஆட்டம் வந்திருந்தது. நான்கு நாளாக மேலே எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார். இவனுக்குப் போன் அடித்தால் அணைத்துவைத்திருந்தான். எனக்கு வந்த எரிச்சலில் பைக்கை எடுத்துக்கொண்டு நாகர்கோவில், அம்மாண்டிவிளை வழியாக முட்டத்துக்குப் போய்விட்டேன்.

நீலம் அடித்த சின்ன வீடு. வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது, உள்ளே மூலையில் கிறிஸ்மஸ் குடில். முன்னறைச் சிமெண்டுத் தரையில் வெறும் மேலோடு மல்லாக்கப் படுத்திருந்தான். உறங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. பக்கத்தில் அவன் மகள், ஏழு வயதிருக்கும், அதேபோல மல்லாக்கப் படுத்திருந்தாள். “அப்பா ஓய்வுல இருக்காரு” என்று எனக்குச் சொன்னாள். ‘அப்பா ட்யூட்டியில இருக்காரு’ என்று சொல்வதுபோலத்தான் இருந்தது.

அவன் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பதற்றம் ஒன்றும் இல்லை. மேலாளர் வீடு தேடி வந்திருக்கிறாரே என்ற கூச்சமும் இல்லை. நான் சொன்னதையெல்லாம் முழுவதும் கேட்டான். அந்த மாதிரி ஒருத்தர் கேட்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பதில் சொல்லத் தயாராகிற முகமே அது இல்லை. பிறகு மூன்று கேள்வி கேட்டான். ஆட்டம் காலையில் கூடுதலா, சாயந்திரமா? இறக்கை நின்றபிறகும் கொஞ்ச நேரம் இருக்கிறதா? ஏணியில் எத்தனையாவது தட்டில் நின்றால் தெரிகிறது?

நான் சொன்னேன்.

“மேல ஒண்ணும் இல்ல சார். அடியில பாருங்க. தெக்குப் பக்கத்து போல்ட்டு.”

“நீயே வந்து பாத்திரு மக்கா. ஒருமணி நேரச் சோலி. நானே கொண்டு விடுதேன்.”

“மூணாந்தேதி காலைல ஏழு மணிக்கு நிப்பேன் சார்.”

“நான் உனக்க வீட்டுக்கே வந்து கேக்குதேன்டே.”

“வந்தது சந்தோசம் சார். சாப்பிட்டுட்டுப் போணும்.”

அவன் மனைவி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் வைத்தாள். அந்தப் பத்து நாளும் ஒரு நேரம்தான் அடுப்பு, அதையும் பாதி நாள் அவன்தான் பார்ப்பான் என்று சொன்னாள். அவள் முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போகிறவள். கிறிஸ்மஸ் முதல் புதுவருடம் வரை அவளுக்கும் லீவு. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் போன் எட்டுத் தடவை அடித்திருக்கும். எட்டுத் தடவையும் இடது கையால் எடுத்துப் பேசினேன். “சார், போன வச்சிட்டுத் தின்னுங்க, முள்ளு உண்டு” என்றாள் அவள்.

கோபத்தோடுதான் திரும்பினேன். ஆனாலும் நேரே பதினேழாம் நம்பருக்குப் போய் அடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தெற்குப் பக்கம் இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. நாங்கள் ஐந்து பேர் நான்கு நாள் மேலே தேடியதை, அவன் கடற்கரை வீட்டில் இருந்துகொண்டே சொல்லிவிட்டான். போல்ட்டை முறுக்கியதும் ஆட்டம் நின்றது. நான் அந்தக் கோபுரத்தடியில் நிறைய நேரம் நின்றுகொண்டிருந்தேன். இப்படி ஒரு ஆளா என்று இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம்தான் சிக்கல். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எல்லாப் பராமரிப்பும் முடியவேண்டும், யாருக்கும் விடுப்பு கிடையாது என்று மேலேயிருந்து உத்தரவு. அவன் வழக்கம்போல விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தான். நான் உத்தரவைக் காட்டினேன். நின்று வாசித்தான்.

“சரி சார். லீவு வேண்டாம். தினமும் வாறேன். கீழ நின்னு என்ன சோலின்னாலும் செய்வேன். மேல ஏற மாட்டேன்.”

“அது என்னடே பிடிவாதம்? வேலைய விட்டு எடுத்துருவாங்க.”

“எடுக்கட்டும் சார்.”

மகளுக்குப் பள்ளிக்கூடம், கடனில் கட்டிய வீடு, எல்லாம் எனக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவன் காரணத்தைச் சொன்னான்.

இங்கே வருவதற்குமுன் வேறொரு இடத்தில் வேலை பார்த்திருக்கிறான். அங்கே ஒரு வருடம் சீசன் முடிந்தும் விடுப்பே எடுக்காமல், கிறிஸ்மஸுக்கு மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறான். கோபுரத்துக்குள் ஏணியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு இரும்புக் கம்பி ஓடும். நெஞ்சுப் பட்டையில் இருக்கிற கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் ஏறவேண்டும். கால் தவறினால் அது பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவன் உச்சிக்குப் போய், கொக்கியைக் கழற்றக் கையைக் கொண்டுபோனான். அது கம்பியில் இல்லை. அவன் வயிற்றருகே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை உயரமும் மாட்டாமலே ஏறியிருக்கிறான்.

“மாட்ட மறந்துட்டியா?” என்று கேட்டேன்.

“அதான் சார், மறக்கல. மாட்டினேன். ‘டக்’குன்னு சத்தம் கேட்டேன். மாதாவாண, சத்தியமா கேட்டேன். மேல உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்ச பெறவுதான் புரிஞ்சுது. அது நேத்தைக்குக் கேட்ட சத்தம் சார்.”

“கால் வழுக்கியிருந்தா?”

“வழுக்கல. ஒண்ணும் நடக்கல. யாருக்கும் தெரியவும் செய்யாது. எறங்கம்ப மூணு எடத்துல உக்காந்து உக்காந்து எறங்கினேன். வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் ஒறங்கினேன். எனக்கு தீனம்னு நெனச்சு வீட்டுக்காரி சர்ச்சு அச்சனக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ண வச்சா.” லேசாகச் சிரித்தான். “களைப்புன்னா ஒடம்பு வலிக்கும்னு நெனச்சிருந்தேன் சார். அது வலிக்காது. செய்யாதத செஞ்சதாட்டு காட்டும். அவ்வளவுதான்.”

“சரி, அதை ஏன் வருசக் கடைசியிலே எடுக்கணும்? பிப்ரவரியிலே எடேன்.”

“எடுத்துப் பாத்தேன் சார். முடியாது. நான் நின்னாலும் மத்தவன் ஓடுவான், போன் அடிக்கும், அவ வேலைக்குப் போவா, பிள்ளை ஸ்கூலுக்குப் போவும். இந்தப் பத்து நாளுதான் எங்க ஊரே நிக்குது. வள்ளம் எல்லாம் கரையில கெடக்கும். எல்லாரும் நிக்கம்பதான் ஒருத்தன் நிக்க முடியும்.”

என் பொறுப்பில் அவனுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களை வேலை வாங்கினேன். நானும் அவர்களோடு சைட்டிலேயே கிடந்தேன். அந்தப் பத்து நாளில் எத்தனை மணி நேரம் உறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆள் போதாததால் தொழில்நுட்பப் பணியாளர்களின் வேலையையும் நானே கீழே நின்று பார்த்தேன். இலக்கை முடித்தும்விட்டோம், ஒன்றிரண்டு பாக்கி தவிர.

ஜனவரி மூன்று காலை ஏழு மணிக்கு அவன் வந்து நின்றான். முகத்தில் ஒரு தெளிச்சம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி. பன்னிரண்டாம் நம்பரில் மேலே ஒரு மோட்டாருக்குப் போகிற கேபிள் முனை கருகியிருந்தது. மாற்றவேண்டும். இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கோபுரத்தின் அடியில் இருக்கிற பேனலில் சுவிட்சை அணைத்து, அதைப் பூட்டி, சாவியைக் கீழே நிற்பவர் தன்னிடம் வைத்துக்கொண்டு, வாக்கிடாக்கியில் மேலே சொல்லவேண்டும். அன்றைக்குக் கீழே நின்றது நான்.

“லைன் ஆஃப்” என்றேன். சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பதில் வர நேரமானது. பிறகு அவன் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

“சார். டெஸ்டர் எரியுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. டெஸ்டர் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் பேனலைப் பார்த்தேன். சுவிட்ச் ‘ஆன்’ பக்கம்தான் நின்றது. பூட்டு இல்லை.

நான் அணைத்தேனே. பூட்டினேனே. கைப்பிடியை இழுத்த பாரம்கூடக் கையில் இருந்தது.

அவன் இறங்கி வருகிற காலடிச் சத்தம் கோபுரத்துக்குள் படிப்படியாகக் கேட்டது. வந்து, பட்டையைக் கழற்றாமலே, கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். அதில் தொங்கிய தகட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டினான். பதினொன்று. முந்தின நாள் வேலை பார்த்த காத்தாடியின் சாவி.

ஏசுவான் என்று நினைத்தேன். நான் அவன் இடத்தில் இருந்தால் ஏசியிருப்பேன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் நான், இன்னொருத்தன் பிள்ளையின் அப்பனைக் கொன்றிருப்பேன்.

“எப்படிடே டெஸ்டர் வச்சுப் பாத்த? நான் சொன்ன பெறவு யாரும் பாக்க மாட்டாங்களே.”

“ஒங்க கொரலு சார். நாக்கு பேசுது, ஆளு அங்க இல்ல.” பிறகு சொன்னான், “வீட்டுக்குப் போங்க சார். இந்தச் சோலிய இன்னைக்கு யாரும் செய்யாண்டாம்.”

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். நான்தான் என் பெயரைப் போட்டு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. நான் கேட்டிருந்த ஒரு விஷயத்துக்கு அனுமதியும் அதே கடிதத்தில் வந்தது. அதன்பிறகு டிசம்பர் இருபத்துநான்கிலிருந்து பத்து நாளும் எங்கள் சைட்டில் யாரும் ஏறுவதில்லை. வேலையை நவம்பரிலும் ஜனவரியிலும் பிரித்துக்கொண்டோம். உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. சில வருடங்கள் கழித்து அவன் எங்களை விட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டான். கடலுக்குள் நிற்கிற காத்தாடிகளில் வேலையாம். அங்கேயிருந்தும் கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்துவிடுகிறான் என்று கேள்வி.

அவன் எங்களோடு இருந்தபோதே, அந்தச் சம்பவத்துக்கு அடுத்த டிசம்பரில் முதல்தடவை நான் பத்து நாள் விடுப்பு எடுத்தேன்; போவதற்கு முந்தின நாள் அவன் என் அறைக்கு வந்தான். “மொத மூணு நாளு சண்டையா இருக்கும் சார். தாங்கிக்கிடுங்க. நாலாவது நாளு ஒரு ஒறக்கம் வரும். தடுக்காம அதுல விழுந்திருங்க.” நோயாளிக்குப் பத்தியம் சொல்கிறவன்போலச் சொன்னான்.

அப்படியேதான் நடந்தது. முதல் மூன்று நாளும் தோவாளையில் என் வீட்டுக்குள் வாடகைக்கு வந்தவன்போல நடந்தேன். இல்லாத போன் அடித்தது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் மத்தியானம் படுத்தவன் மறுநாள் காலையில் எழுந்தேன். எழுந்தபோது வெயிலுக்கு ஒரு நிறம் இருந்தது, சத்தியமாக.

அடுக்களையில் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. மூன்று நாள் எரிந்து விழுந்ததற்குக் கோபம்போல என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டேன். துருவிக்கொண்டே இருந்தாள். வேறு சமயமாக இருந்தால் போயிருப்பேன். அன்றைக்கு எனக்குப் போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. சும்மா நின்று அவளைப் பார்த்தேன். வெளியே பால்காரர் மணி அடித்ததும் வலதுபக்கமாகத் தலையைச் சாய்த்தாள். மகள் எதையோ கேட்க வந்தபோதும் வலதுபக்கத்தைத்தான் திருப்பினாள். சுற்றிப் போய் அவளுடைய வலதுபக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். உடனே நிமிர்ந்து பார்த்தாள்.

“இடது காது கேக்கலியா உனக்கு?”

“கொஞ்ச நாளாட்டு இல்ல.”

“கொஞ்ச நாள்னா?”

“ரெண்டு வருசம் இருக்கும். ஒங்ககிட்ட சொன்னேனே.”

“எப்ப சொன்ன?”

“போன ஆடிக்கு முந்தின ஆடியில. நீங்க ‘ம்’னு சொன்னியளே.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தேங்காய்ச் சிரட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரமே டாக்டரிடம் போனோம். நரம்பு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார்.

ஜனவரி மூன்றாம் தேதி டீ குடிக்கும்போது, “எப்படி இருந்து சார்?” என்று அவன் கேட்டான். நான் இதைச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“எந்தக் காது சார்?”

“இடது.”

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான்.

அந்த மே மாதம், தங்கள் மகள் தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்கு அழைக்க அவனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குமுன் அவன் என் மனைவியைப் பார்த்ததில்லை. வீட்டில் சொந்தக்காரர்கள் வேறு நிறையப் பேர், ஒரே பேச்சும் சிரிப்பும். நாங்கள் அவளோடு பேசும்போது கத்துவதற்குப் பழகியிருந்தோம். அவளும் ஒவ்வொன்றுக்கும் ‘என்ன?’ என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே குறைத்துக்கொண்டிருந்தாள். டீ கொடுத்துவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அவனுக்குப் போட்டிருந்த நாற்காலி அவளுக்கு இடதுபுறம் இருந்தது.

அவன் உட்காரவில்லை. அந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, எல்லோரையும் சுற்றிக் கொண்டுபோய் அவளுடைய வலதுபுறம் போட்டான். உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கடற்கரைக்காரர்கள் வீட்டுக்குள் பேசுகிற அந்தத் தாழ்ந்த குரலிலேயே பேசினான்.

“அக்கா, எனக்க மகளுக்குப் புதுநன்மை. நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்.”

“பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்று கேட்டாள் என் மனைவி. பிறகு அவன் மனைவியிடம் சாளைக் குழம்பு வைக்கிற விதம் கேட்டாள், முட்டத்துக்கு எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று கேட்டாள். அரைமணி நேரம் பேசிக்கொண்டே இருந்தாள், ஒரு தடவைகூட ‘என்ன?’ என்று கேட்காமல்.